இலையை மூடும் நேரம்



பத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் பக்கக் கணக்கு ஒரு தீராத தலைவலி. அச்சகத்தில் 16 பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். இதழ் ஐந்து பாரம் என்று முடிவாகிவிட்டால் 80-ஆம் பக்கத்தோடு சரி. 81-ஆம் பக்கம் கேட்டால் அச்சகத்துக்காரர் சிரிப்பார். அதனால் மாதத்தின் கடைசி வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். சிறுகதையில் நாலு பத்தி கூடுதலாக இருக்கிறது என்பார் வடிவமைப்பாளர். ஒரு வரியைக்கூட எடுக்க விடமாட்டேன் என்பார் எழுதியவர். விளம்பரப் பிரிவிலிருந்து அரைப் பக்கம் கேட்டு ஆள் வந்து நிற்கும். யாரையோ சமாதானப்படுத்தி, யாருடைய வருத்தத்தையோ வாங்கிக் கட்டிக்கொண்டு, எப்படியோ இதழை முடிப்போம்.

இதை ஒரு குறையாக நினைத்தே நாங்கள் புலம்புவது வழக்கம். ஆனால் அந்த 80-ஆம் பக்கத்தின் மேல் எனக்கு இப்போதெல்லாம் தனி மரியாதை வந்திருக்கிறது. வாசகர் அங்கே வந்து சேர்ந்ததும் இதழை மூடிவைக்கலாம். எதிர்வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். பிடிக்கவில்லையென்றால் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடலாம். இன்னும் இருக்கிறது, இங்கே வா என்று எந்த இதழும் எவர் சட்டையையும் பிடித்து இழுத்ததில்லை.

செல்போனைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். கண் எரிச்சல், கழுத்து வலி, தூக்கக் கேடு என்று நாம் போடும் பட்டியல் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கருவிக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. அது தற்செயலாக நேர்ந்ததும் அல்ல.

2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு வசதியை உருவாக்கினார். அதுவரை இணையத்தில் எதைத் தேடினாலும் பத்து இருபது முடிவுகளோடு பக்கம் நின்றுவிடும். கீழே 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்ததைப் பார்க்க வேண்டுமா என்று நாமே முடிவுசெய்து அழுத்த வேண்டும். அந்த அழுத்தல் வீண் வேலை என்று அவருக்குத் தோன்றியது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தடுத்த பகுதி தானாகவே வந்துகொண்டிருக்கும்படி செய்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். பிற்பாடு சமூக ஊடகங்கள் அதை என்ன பாடு படுத்தின என்று பார்த்துவிட்டு, தான் செய்ததை நினைத்து வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். அவர் எடுத்துப் போட்டது ஒரு சின்னப் பொத்தானைத்தான். ஆனால் 'போதுமா, இன்னும் வேண்டுமா' என்று மனம் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம் அந்தப் பொத்தானில்தான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது. திரையைக் கீழே இழுத்து விட்டால் புதிதாக ஏதாவது வரும், வராமலும் போகும். வருமா வராதா என்று தெரியாததில்தான் சூட்சுமமே இருக்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். இத்தனை முறை கொத்தினால் ஒரு தீனி என்று கணக்காகக் கொடுத்தால், தின்றுவிட்டுப் புறா கொஞ்சம் ஓய்வெடுக்கும். எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி கொடுத்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். எதுவும் வரவில்லை என்று தெரிந்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்க்கும் நம் கையை அந்தப் புறாவோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு தடுப்பும் இருந்தது. அதற்குப் பெயர் காசு. பத்து வருஷத்துக்கு முன்னால் 1 ஜிபி டேட்டா சுமார் 250 ரூபாய். அதை ஒரு மாதம் வைத்துக் காப்பாற்ற வேண்டும். நண்பர் வீடியோ அனுப்பினால், 'நெட் பேக் தீர்ந்துடும்பா' என்று திறக்காமலே விடுவோம். 2016 செப்டம்பரில் ஜியோ செல்போன் சேவை வந்தது. சில மாதங்கள் இலவசமாகவே கொடுத்தது. பிறகு நாளொன்றுக்கு 1 ஜிபி, ஒன்றரை, 2 என்று ஆனது. கிராமத்துப் பையன் இணையத்தில் பாடம் படிக்க முடிந்தது, துபாயில் இருக்கும் கணவனை மனைவி தினமும் முகம் பார்த்துப் பேச முடிந்தது. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதோடு ஒரு விசித்திரமும் சேர்ந்து வந்தது. நள்ளிரவு பன்னிரண்டுக்குள் அன்றைய 2 ஜிபியைத் தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் வீணாகிவிடும் என்ற பதைப்பு. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். டேட்டாவையும் வீணாக்க மாட்டேன் என்று கண் சிவக்கச் சிவக்க முழித்துக் கிடக்கிறோம்.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக் என்ற குறுவீடியோச் செயலியை இந்தியாவில் தடை செய்தார்கள். அப்பாடா என்றிருந்த பெற்றோர்கள் உண்டு. அந்த நிம்மதி நீடித்தது சில நாள்தான். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதலில் இங்கேதான் வெள்ளோட்டம் விட்டது. காலியான இடம் அவ்வளவு பெரியது என்பது நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவர் எவ்வளவு உபசாரம் செய்தாலும், நாம் இலையை மூடிவிட்டால் வாளியோடு நகர்ந்துவிடுவார். இலை மூடிய பிறகு யாரும் சாம்பார் ஊற்றுவதில்லை. போனில் நடப்பதோ, மூடிய இலையைத் திறந்து திறந்து பரிமாறும் விருந்து. அதுவும் நமக்கு எது பிடிக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு.

இதனால்தான், 'உனக்கு மன உறுதி இல்லை' என்று பிள்ளைகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஒரு பக்கம் பதினைந்து வயசுப் பிள்ளை. இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளை இன்னும் ஒரு நிமிடம் இருக்க என்ன செய்யலாம் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கும் பொறியாளர் கூட்டம். இதில் மன உறுதியைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. அந்த நிறுவனங்கள் நினைத்தால் நிறுத்தத் தெரியாதவையும் அல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு வயதான அம்மா, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகப்பட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய அந்த வதந்தியைப் பரப்பியவை வாட்ஸ்அப் தகவல்கள். நாடு முழுக்க இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் வரம்பு கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த தகவல் என்றால் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் என்று ஆக்கினார்கள். அத்தகைய தகவல்கள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. யாரும் புத்தர் ஆகிவிடவில்லை. ஒரு சின்னத் தடுப்பு வைத்தார்கள், ஆட்கள் அங்கே நின்றார்கள். அவ்வளவுதான்.

ஆக, பிடுங்கி எறிந்த நிறுத்தங்களை நாமே ஒவ்வொன்றாகத் திரும்ப நட வேண்டியிருக்கிறது. நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

'ஒரு வாரம் போனே தொடாமல் இருந்து பாருங்கள்' என்று மலைப் பிரதேச விடுதிகள் இப்போது கூப்பிடுகின்றன. வசதி இருப்பவர்கள் போய்வரட்டும், குளிர் காற்றாவது கிடைக்கும். மற்றவர்களுக்குப் போன் என்பது பர்ஸ், பாங்க் பாஸ்புக், பஸ் டிக்கெட், ஆதார் ஓடிபி எல்லாம் சேர்ந்தது. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் கொடுக்கவும் அதுதான் வேண்டும். உணவு கொண்டுவந்து கொடுக்கும் தம்பிக்கு அது முதலாளி. ஆர்டர் மணி அடித்து எடுக்காமல் விட்டால் அன்றைய வரும்படி போயிற்று. அவரிடம் போய் 'கொஞ்ச நேரம் போனைத் தள்ளி வையுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. போனைக் கீழே வைக்க முடிவதே ஒரு வசதிதான் என்பதை அறிவுரை சொல்கிற நாங்கள் மறந்துவிடுகிறோம்.

எனவே துறவறம் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துக் கிராமம் ஒன்று செய்ததைக் கேளுங்கள். மோஹித்யாஞ்சே வட்காவ் என்பது ஊர். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த பிறகு அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. 2022-இல் ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஊதும். எல்லா வீட்டிலும் டிவியும் போனும் அணைய வேண்டும். எட்டரைக்கு மறுபடி சைரன், அப்புறம் அவரவர் பாடு. அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசித்தான் இதை நிலைநிறுத்தினார்கள்.

இந்தச் செய்தியை அலுவலகத்தில் சொன்னபோது உதவி ஆசிரியர் ஒருவர், "நம்ம ஊர்ல ஏழுலேர்ந்து எட்டரை சீரியல் நேரம் சார், சைரன் ஊதினவர் மறுநாள் ஊருக்குள்ள நடமாட முடியுமா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது சைரன் சத்தமோ கட்டுப்பாடோ அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள் என்பதுதான். தான் மட்டும் வைத்தால் ஏதோ விட்டுப்போகிறதே என்று பிள்ளை தவிக்கும். ஊரே வைத்துவிட்டால் விட்டுப்போவதற்கு என்ன இருக்கிறது? அப்பா தன் போனைப் பார்த்துக்கொண்டே மகனிடம் 'போனை வைடா' என்று சொல்லும் வீடுகளில் இது ஏன் நடப்பதில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஊருக்குச் சைரன் என்றால் வீட்டுக்கு என்ன? என்னைக் கேட்டால் சார்ஜர் என்பேன். சார்ஜர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ராத்திரி போன் தூங்கும். பெரும்பாலான வீடுகளில் அது கட்டில் ஓரத்துப் பிளக்கில் இருக்கிறது. கூடுதலாக ஒரு நீள வயரும் வாங்கிவைத்திருப்பார்கள், படுத்துக்கொண்டே பார்ப்பதற்கு. அதைப் பிடுங்கிக் கூடத்துக்கோ சமையலறை மேடைக்கோ மாற்றுங்கள். அலாரத்துக்கு என்ன செய்வது என்று உடனே கேட்பீர்கள். கடிகாரக் கடையில் அலாரம் கடிகாரம் இன்னும் விற்கிறது. ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அழைப்பு வந்தால்? சத்தத்தை முழுசாக வையுங்கள், கூடத்திலிருந்து கேட்கும். முன்பு வீட்டு டெலிபோனும் கூடத்தில்தானே ஒரு சின்ன மேஜையில், பின்னல் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது? டயலில் சின்னப் பூட்டுப் போட்ட வீடுகளும் உண்டு. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எஸ்டிடி பூத்தில் இரவு பதினொரு மணிக்குக் கட்டணம் கால்வாசியாகும்வரை காத்திருந்தோம். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மீட்டர் ஓடும் வேகத்தில் பாதிப் பேச்சை விழுங்கிக்கொண்டு வந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. போனுக்கு வீட்டில் ஒரு இடம் இருந்தது, நாம் அதனிடம் போய்வந்தோம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இடம் முக்கியம் என்பதற்கு ஓர் ஆராய்ச்சியும் உண்டு. 2017-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் கிட்டத்தட்ட 800 பேரைச் சோதித்தார்கள். சிலர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள், சிலர் பையில், சிலர் வேறு அறையில். எல்லாப் போனும் ஊமையாகத்தான் இருந்தது. வேறு அறையில் விட்டுவந்தவர்கள்தான் நினைவுத் தேர்விலும் புதிர்த் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். பின்னர் வேறு சிலர் இதே சோதனையைச் செய்தபோது இவ்வளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் பாதிச் செய்திதான் அதிகம் உலவுகிறது. 'மனிதனின் கவனம் 8 விநாடி, தங்கமீனின் கவனம் 9 விநாடி' என்ற தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பாவம், மீன். கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற பேராசிரியை பல ஆண்டுகளாக அளந்து வந்திருப்பது நம்பத்தக்கது. கணினியில் வேலை செய்கிறவர்கள் ஒரு திரையில் சராசரியாக எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று பார்த்தார். 2004-இல் இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் 47 விநாடி. மூளை சுருங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தாவுவது கைப்பழக்கமாகிவிட்டது என்பதுதான் பொருள். பழக்கம் என்றால் மாற்றவும் முடியும்.

சார்ஜரை மாற்றிய பிறகு செய்ய இன்னொன்று இருக்கிறது. மனிதர்கள் கூப்பிட்டால் மட்டும் போன் ஒலிக்கட்டும். தள்ளுபடி விற்பனை, விளையாட்டில் இலவச வைரம், யாரோ யாருடைய படத்துக்கோ இதயம் போட்டார்கள் என்ற செய்தி, இவற்றுக்கெல்லாம் நம் வீட்டு மணியை அடிக்கும் உரிமையை நாம்தான் கொடுத்திருக்கிறோம். செட்டிங்ஸில் போய் ஒவ்வொரு செயலியாகத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். 2018 முதல் ஆப்பிளும் கூகுளும் நேரக் கட்டுப்பாட்டு வசதி தருகின்றன. நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொல்லும். ஆப்பிள் போனில் 'பரவாயில்லை, தொடர்கிறேன்' என்பதுபோன்ற பொத்தானும் அதே திரையில் இருக்கும். நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. போன் என்றதும் பிள்ளைகளைத்தான் கூண்டில் நிறுத்துகிறோம். ஆனால் காலை ஐந்து மணிக்குத் தாமரைப் பூவும் முருகனும் போட்ட வணக்கப் படத்தை முப்பது பேருக்கு அனுப்புகிறவர்கள் பிள்ளைகள் அல்ல. மகன் டாலஸில், மகள் சிட்னியில், கணவர் சுவரில் படமாக. அப்படி இருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தப் படம் 'நான் எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன்' என்று உலகத்துக்குச் சொல்லும் வழி. 'ஏம்மா இதையெல்லாம் அனுப்பறே?' என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவரைத் திருத்த வேண்டாம். அந்தப் படத்துக்குக் கட்டைவிரலைக் காட்டாமல் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். பேசி முடித்த பிறகு அவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பேச்சுக்கு ஒரு முடிவு உண்டு, ஃபார்வர்டுக்குத்தான் கிடையாது.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டங்களே வர ஆரம்பித்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே என் கவலை வேறு. வீட்டுப்பாடமே பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. பல வீடுகளில் இருப்பது ஒரே போன். வேலைக்குப் போன அப்பாவோ அம்மாவோ இரவு வந்த பிறகுதான் பிள்ளை அதைப் பார்க்க முடியும். வீட்டுப்பாடத்தைப் பார்க்கத் திறந்த போன் வீட்டுப்பாடத்தோடு மூடுவதில்லை. நாட்குறிப்பில் எழுதி அனுப்பும் பழைய வழக்கத்தை ஆசிரியர்கள் மறுபடி தொடங்கினால் அரைமணி நேரச் சண்டை ஒன்று ஆயிரம் வீடுகளில் ஓயும்.

கை மீறிப் போய்விட்ட நிலையும் உண்டு. தூக்கம் கெட்டு, சாப்பாடு மறந்து, போனை வாங்கினால் ஆத்திரத்தில் பொருளை உடைக்கும் அளவுக்குப் போனால் அது கண்டிப்பால் தீராது, மருத்துவ உதவி வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014-இல் தொடங்கிய 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கூப்பிட்டுப் பேசுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கடைசியாக எங்கள் அலுவலகச் செய்தி, அதற்கு ஒரு பின்னணி உண்டு. பிரான்சில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர்களைத் தொந்தரவு செய்யாதிருப்பது பற்றி அவர்களோடு பேசி ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் மக்களவையில் உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. நாங்கள் ஐம்பது பேர்கூட இல்லாத சின்ன அலுவலகம். இருந்தாலும் இந்த மாதம் முதல் இரவு 8 மணிக்கு மேல் அலுவலகக் குழுவில் யாரும், முக்கியமாக ஆசிரியர், எதுவும் போடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். அச்சகத்தில் தீப்பிடித்தால் மட்டும் விதிவிலக்கு, அதுவும் போன் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் இதுபோல ஏதாவது ஏற்பாடு இருந்தால் எழுதுங்கள். சார்ஜரை எங்கே மாற்றினீர்கள், யார் முதலில் முரண்டு பிடித்தார்கள், எத்தனை நாளில் பழைய இடத்துக்கே திரும்பிவந்தது என்பதெல்லாம்கூடச் சுவையான செய்திதான். அடுத்த இதழில் அதற்காக நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். வடிவமைப்பாளருக்கு இன்னும் சொல்லவில்லை. கார்டில் எழுதினாலும் சரி, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. வாட்ஸ்அப் என்றால் எட்டு மணிக்கு முன்னால்.

அன்புடன்,
ஆசிரியர்